"எர்லேடிக்ட்" என்று சொல்வதற்கு முன்னால்: வேலை முடிந்ததை ஜெர்மனில் சொல்வது எப்படி?

போன எபிசோடில் பேக்கரியில் ரொட்டி வாங்கும்போது என்ன பேசுவது என்று பார்த்தோம். இன்னைக்கு எடுத்திருக்கிற விஷயம் அதைவிடச் சின்னது மாதிரி தெரியும். "வேலை முடிஞ்சுதா?" என்று ஒருத்தர் கேட்டால் ஜெர்மனில் என்ன பதில் சொல்வது?

இதில் என்ன இருக்கு, "முடிஞ்சுது"ன்னு சொல்ல ஒரு வார்த்தை கத்துக்கிட்டா போதுமேன்னு நினைப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். அந்த ஒரு வார்த்தையை இடம் தெரியாமல் சொல்லி, ஸ்டுட்கார்ட்டில் கிடைத்த முதல் வேலையையே கிட்டத்தட்டத் தொலைக்கப் பார்த்தேன். அதனால் முதல்ல அந்தக் கதை, அப்புறம் வார்த்தைகள்.

அதுக்கு முன்னாடி உச்சரிப்பு பற்றி ஒரு குறிப்பு. ஜெர்மனில் "இக்" என்று முடிகிற சொற்களை, பாடப்புத்தக உச்சரிப்பில் "இஷ்" மாதிரி சொல்லுவாங்க. தெற்கே வந்தால் "இக்" என்றே ஒலிக்கும். நான் பழகியது தெற்கு என்பதால் "ஃபெர்டிக்" என்று சொல்றேன். உங்க வகுப்பில் "ஃபெர்டிஷ்" என்று கேட்டால் குழம்ப வேண்டாம், ரெண்டும் ஒரே சொல்தான்.

நாலாவது மாதம்

ஜெர்மனியில் புது வேலையில் சேர்ந்தால் முதலில் "ப்ரோபெட்ஸைட்", அதாவது சோதனைக் காலம். அதிகபட்சம் 6 மாதம். அந்தக் காலத்தில் நம்மை அனுப்ப நினைத்தால் பொதுவாக 2 வார நோட்டீஸ் போதும். நாம் கிளம்ப நினைத்தாலும் அதே 2 வாரம்தான்.

நான் நாலாவது மாதத்தில் இருந்தேன். ஒரு இயந்திரப் பாகத்தைச் சோதித்து அறிக்கை எழுதுவது என் வேலை. புதன்கிழமை காலை மீட்டிங். டீம் லீட் பட்டியலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "இஸ்ட் டேர் பெரிஷ்ட் ஃபெர்டிக்?" அறிக்கை ரெடியா?

அறிக்கை எழுதியாச்சு. இரண்டாவது அட்டவணையில் நாலைந்து அளவுகள் மட்டும் நிரப்பணும். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும். அந்த நம்பிக்கையில் சொன்னேன்: "யா, எர்லேடிக்ட்."

அவர் பட்டியலில் டிக் அடித்தார். பதினோரு மணிக்கு, எல்லாருக்கும் பொதுவான ஃபோல்டரில் இருந்த கோப்பை எடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டார். பன்னிரண்டு மணிக்கு அங்கிருந்து ஃபோன். இரண்டாவது அட்டவணை ஏன் காலியா இருக்கு?

டீம் லீட் கத்தவில்லை. தனியாகக் கூப்பிட்டு, "நீ எர்லேடிக்ட்னு சொன்னே, நான் அதை நம்பி அனுப்பினேன். இனிமேல் நீ சொல்ற ஒவ்வொண்ணையும் நான் திறந்து பார்க்கணுமா?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல எனக்கு ஜெர்மன் வரலை. தமிழிலேயே கேட்டிருந்தாலும் வந்திருக்காது. அன்னைக்கு ராத்திரி 2 வார நோட்டீஸ், விசா, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் என்று எல்லாத்தையும் கணக்குப் போட்டபடி படுத்திருந்தேன்.

"இதோ வந்துட்டேன்"

நான் பொய் சொன்னேனா? ரொம்ப நாள் யோசிச்சேன். பொய் சொல்லணும்னு நினைக்கலை. தமிழில் எப்படிப் பேசுவேனோ அப்படியே ஜெர்மனில் பேசிவிட்டேன்.

ஒரு நண்பர் உங்களுக்காகக் காத்திருக்கிறார். ஃபோன் பண்றார். நீங்க வீட்டில் செருப்பைத் தேடிக்கிட்டே என்ன சொல்லுவீங்க? "இதோ வந்துட்டேன்." இலக்கணப்படி அது இறந்தகாலம். ஆனால் நீங்க இன்னும் வாசலையே தாண்டவில்லை. கேட்கிற நண்பருக்கும் அது தெரியும். "இன்னும் கால் மணி நேரம் ஆகும்" என்று அவரே கணக்குப் போட்டுக்குவார். டெய்லர் கடையில் "ஆச்சும்மா, பட்டன் மட்டும்தான்" என்றால் நாளைக்கு வரணும் என்று நமக்குப் புரியும். நடக்கப் போவது உறுதி என்பதைக் காட்ட, நடந்துவிட்ட மாதிரி சொல்வது தமிழில் வழக்கம். அதில் ஒரு ஆறுதலும் இருக்கிறது, "கவலைப்படாதே, நான் பார்த்துக்கறேன்" என்று.

ஜெர்மனில் அந்தக் கணக்கைக் கேட்கிறவர் போட மாட்டார். "எர்லேடிக்ட்" என்றால் அவருக்கு அந்த வேலை பூமியில் இல்லை. என் "இதோ முடிச்சிட்டேன்" அவர் காதில் "முடிந்து, சரிபார்த்து, மூடியாச்சு" என்று விழுந்தது. அதனால்தான் இந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக, எது எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்கப் போறோம்.

ஃபெர்டிக்: ரெடி

முதல் சொல் "ஃபெர்டிக்". "ரெடி", "முடிந்தது" என்று ரெண்டு பொருளும் இதுக்கு உண்டு. இது "ஃபார்ட்", அதாவது பயணம் என்ற சொல்லிலிருந்து வந்தது. பழைய பொருள், பயணத்துக்குத் தயாரான நிலை. ஓட்டப் பந்தயத்தில் குழந்தைகளைக் கிளப்பும்போது "அவுஃப் டி ப்ளெட்ஸெ, ஃபெர்டிக், லோஸ்!" என்பார்கள். அங்கே "ஃபெர்டிக்" வந்த பிறகுதான் ஓட்டமே ஆரம்பம்.

காலையில் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளையிடம் அம்மா சொல்வது "மாஹ் டிஷ் ஃபெர்டிக்", ரெடியாகு. ஆனால் "இஷ் மாஹெ டிஷ் ஃபெர்டிக்" என்றால் "உன்னை ஒரு வழி பண்ணிடுவேன்" என்ற மிரட்டல். ஆள் மாறினால் அர்த்தமே மாறிடும், ஜாக்கிரதை.

ரெஸ்டாரன்டில் சர்வர் வந்து "ஸிண்ட் ஸீ ஃபெர்டிக்?" என்று கேட்டால் தட்டை எடுக்கலாமா என்று அர்த்தம். அதுக்கு "யா, டாங்கெ" போதும். ஆபீஸில் சாயங்காலம் பெருமூச்சோடு "இஷ் பின் ஃபெர்டிக்" என்று சொன்னால், "செத்துட்டேன்பா, அவ்வளவு களைப்பு" என்று எடுத்துக்குவாங்க. இன்னும் அழுத்திச் சொல்லணும்னா "ஃபிக்ஸ் உண்ட் ஃபெர்டிக்". நான் ஒருநாள் வேலை முடிந்த சந்தோஷத்தில் "இஷ் பின் ஃபெர்டிக்" என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்தேன். பக்கத்து மேசைக்காரர் கவலையோடு, வீட்டுக்குப் போய்த் தூங்கு என்றார்.

வேலையைப் பற்றித்தான் சொல்றீங்க என்று தெளிவாக்க ஒரு வழி இருக்கு. "இஷ் பின் மிட் டேம் பெரிஷ்ட் ஃபெர்டிக்", அறிக்கையோடு என் வேலை முடிந்தது. "மிட்" போட்டுப் பொருளைச் சொல்லிட்டா குழப்பம் பெரும்பாலும் போயிடும்.

எர்லேடிக்ட்: கையை விட்டுப் போனது

"எர்லேடிக்ட்" இன்னும் கனமான சொல். நீங்க ஜெர்மனியில் வீட்டு முகவரியைப் பதிவு செய்யப் போனால், படிவத்தில் திருமண நிலை கேட்பாங்க. கல்யாணம் ஆகாதவர்கள் "லேடிக்" என்று எழுதுவோம். பழைய ஜெர்மனில் "லேடிக்" என்றால் கட்டு இல்லாத, விடுபட்ட நிலை. "எர்லேடிகன்" என்பதன் மூலப் பொருள் விடுவிப்பது. ஆக, ஒரு வேலை "எர்லேடிக்ட்" என்றால் அது உங்களையும் கேட்டவரையும் விட்டுப் போய்விட்டது. யாரும் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

அதனால் இந்தச் சொல் சின்னச் சின்ன, முழுசாக மூடுகிற காரியங்களுக்கு ரொம்பப் பொருந்தும். கரண்ட் பில் கட்டினீங்களா? "எர்லேடிக்ட்." டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வாங்கினீங்களா? "எர்லேடிக்ட்." இதுக்கு ஜாலியான பேச்சு வடிவம் "ஹாக்கன் ட்ரான்", டிக் போட்டாச்சு.

இன்னொரு உபயோகம் இருக்கு. நீங்க ஒருத்தரிடம் உதவி கேட்டீங்க, அதுக்குள்ள பிரச்சினை தானா சரியாயிடுச்சு. அப்போ "ஹாட் ஸிஷ் எர்லேடிக்ட்" என்று சொல்லணும். "இனி தேவையில்லை, அது தானே தீர்ந்துடுச்சு" என்று அர்த்தம். நீங்க செய்து முடித்ததற்கு இதைச் சொல்லாதீங்க.

அப்போ நான் அன்னைக்கு என்ன சொல்லியிருக்கணும்? "இஷ் ஹாபெ டென் பெரிஷ்ட் கெஷ்ரீபன்", அறிக்கையை எழுதியிருக்கேன். கவனிச்சீங்களா, வினை கடைசியில் வருகிறது, தமிழ் மாதிரியே. எழுதியதை மட்டும் இது சொல்கிறது. சரிபார்த்ததா, அனுப்பலாமா என்பதற்கு இது வாக்குக் கொடுக்கவில்லை. எந்தச் செயல் முடிந்ததோ அந்தச் செயலின் வினையைச் சொல்வது எப்பவும் பாதுகாப்பு.

ஷாஃபன்: போராடி முடித்தது

மூன்றாவது சொல் "ஷாஃபன்". கஷ்டப்பட்டு ஒன்றைச் சாதிப்பது, சமாளிப்பது. 2015 ஆகஸ்ட் 31 அன்று, அகதிகள் பெருமளவில் வந்துகொண்டிருந்த நேரத்தில், அப்போதைய ஜெர்மன் சான்சலர் அங்கெலா மெர்கல் பெர்லினில் பத்திரிகையாளர்களிடம் சொன்ன "வியர் ஷாஃபன் டாஸ்" உலகம் முழுக்கப் பரவியது. "நம்மால் இதைச் சமாளிக்க முடியும்" என்று பொருள். நாடே பல வருஷம் அந்த மூன்று சொல்லை வைத்து விவாதித்தது.

தேர்வு பாஸ் பண்ணினால், மலை ஏறி முடித்தால், கடைசி ட்ரெய்னை ஓடிப் பிடித்தால் "கெஷாஃப்ட்!" என்று கத்தலாம். பில் கட்டியதற்கு "கெஷாஃப்ட்" என்றால் சிரிப்பாங்க, அவ்வளவு கஷ்டமா என்று. இங்கேயும் ஒரு வலை உண்டு. "இஷ் ஹாபெ எஸ் கெஷாஃப்ட்" என்றால் சாதிச்சுட்டேன். "இஷ் பின் கெஷாஃப்ட்" என்றால் களைச்சுட்டேன். "ஹாபெ"வும் "பின்"னும் மாறினால் வெற்றி களைப்பாகிவிடும்.

ஸ்டுட்கார்ட் பக்கம் வந்தீங்கன்னா இன்னொரு ஆச்சரியம். அங்கே பேசப்படும் ஸ்வேபிய வழக்கில் "ஷாஃப" என்றால் சும்மா வேலை செய்வது. காலையில் பஸ்ஸில் ஒருத்தர் ஷாஃப போறேன் என்றால், அவர் எதையும் சாதிக்கப் போகவில்லை, வேலைக்குப் போகிறார்.

நடுவில் இருக்கும்போது

இனி, வேலை பாதியில் இருக்கும்போது சொல்ல வேண்டியவை. உண்மையில் நம் வாழ்க்கை பெரும்பாலும் இங்கேதான்.

ஒரு வேலையை ஒப்புக்கொள்ளும்போது "மாஹ் இஷ்", செய்யறேன். கொஞ்சம் உற்சாகமாகச் சொல்ல "விர்ட் கெமாஹ்ட்!", செஞ்சிடலாம். கொஞ்சம் பொறுப்போடு சொல்ல "இஷ் க்யுமரெ மிஷ் டாரும்", அதை நான் கவனிச்சுக்கறேன். நம்ம ஊர் "நான் பார்த்துக்கறேன்"க்கு ரொம்பப் பக்கத்தில் வருவது இதுதான். அந்த ஆறுதலைக் கொடுக்கணும்னா இதைச் சொல்லுங்க, "எர்லேடிக்ட்" வேண்டாம்.

வேலையில் இறங்கிவிட்டால் "இஷ் பின் ட்ரான்" அல்லது "இஷ் பின் கெராடெ டாபை", அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். "இஷ் பின் ட்ரான்" என்பதற்கு விளையாட்டிலோ வரிசையிலோ "இப்போ என் முறை" என்றும் பொருள் உண்டு. சூழலைப் பார்த்தால் புரிந்துவிடும்.

கிட்டத்தட்ட முடியும் நிலையில் "ஃபாஸ்ட் ஃபெர்டிக்". ஆங்கிலம் தெரிந்த நம் காதுக்கு இது "வேகமாக முடிஞ்சுது" மாதிரி கேட்கும். ஜெர்மனில் "ஃபாஸ்ட்" என்றால் "கிட்டத்தட்ட".

கெடு சொல்ல "பிஸ்". "பிஸ் ஃப்ரைடாக்" என்றால் வெள்ளிக்கிழமைக்குள். "பிஸ் ஃப்ரைடாக் ஹாபெ இஷ் டாஸ் எர்லேடிக்ட்" என்றால் வெள்ளிக்குள் முடித்திருப்பேன். பார்த்தீங்களா, இறந்தகால வடிவத்தை எதிர்காலத்துக்கு வைப்பது ஜெர்மனிலும் நடக்கும். ஆனால் கூடவே நாள் சொல்லணும். நாள் சொல்லாத "எர்லேடிக்ட்" இப்போதே முடிந்ததுதான். என் புதன்கிழமை வாக்கியத்தில் விட்டுப்போனது அந்த ஒரு காலச் சொல்தான்.

மாடிப்படியில் கிடைத்த பாடம்

அட்டவணைச் சம்பவம் நடந்த அதே வாரம், எங்கள் கட்டிடத்தில் எனக்கு "கேர்வொஹெ" வந்தது. ஸ்டுட்கார்ட் பக்கத்தில் இது பிரசித்தம். ஒரே கட்டிடத்தில் குடியிருப்பவர்கள் வாரத்துக்கு ஒருத்தராக மாடிப்படி, முன்வாசல் எல்லாம் கூட்டித் துடைக்கணும். பல இடங்களில் வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பாங்க. யார் முறையோ அவர் கதவில் ஒரு சின்னப் பலகை தொங்கும். முடித்தவர் அதை எடுத்து அடுத்த வீட்டுக் கதவில் மாட்டணும்.

சனிக்கிழமை நான் மேல்படிகளைத் துடைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். அடுத்த முறை கீழ்வீட்டுப் பாட்டியுடையது. அவர் கதவைத் திறந்து கேட்டார்: "ஷோன் ஃபெர்டிக்?" அதுக்குள்ள முடிஞ்சுதா?

வாய் வரை "யா" வந்தது. புதன்கிழமை ஞாபகம் வந்ததும் நிறுத்தினேன். "நோஹ் நிஷ்ட். டேர் கெல்லர் ஃபேல்ட் நோஹ்." இன்னும் இல்லை, கீழ்த்தள அறை பாக்கி.

எதிர்பார்த்தது ஒரு முறைப்பு. அவர் "ஆ, கூட்" என்று தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். அவ்வளவுதான். "இன்னும் இல்லை" என்று சொன்னால் எதிராளிக்குக் கோபம் வரும், நம்மைத் தகுதியில்லாதவன் என்று நினைப்பாங்க என்ற பயம் எனக்குள் சின்ன வயசிலிருந்தே இருந்தது. பள்ளியில் ஹோம்வொர்க் முடிச்சியா என்று கேட்ட நாளிலிருந்து. அந்தப் பயம்தான் மீட்டிங்கில் "எர்லேடிக்ட்" என்று பேசியது.

திங்கள்கிழமை டீம் லீட் கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன். "டேர் நொய்யெ பெரிஷ்ட் இஸ்ட் ஃபாஸ்ட் ஃபெர்டிக். எஸ் ஃபேல்ட் நோஹ் ஐனெ டபெல்லெ. பிஸ் மிட்வொஹ்." புது அறிக்கை கிட்டத்தட்ட ரெடி, ஒரு அட்டவணை பாக்கி, புதன்கிழமைக்குள். அவர் நிமிர்ந்து பார்த்து, பட்டியலில் "மிட்வொஹ்" என்று எழுதிக்கொண்டார். கோபமும் இல்லை, பாராட்டும் இல்லை. புதன்கிழமை அறிக்கையைக் கொடுத்தபோது அவர் திறந்து பார்த்தார். அடுத்த மாதமும் பார்த்தார். பார்க்காமல் அனுப்ப ஆரம்பித்தது சோதனைக் காலத்தின் கடைசி வாரங்களில்தான். அந்த ஆறாவது மாதம் முடிந்த அன்று நான் எனக்குள்ளே சொல்லிக்கொண்ட சொல் "கெஷாஃப்ட்".

அதனால் இந்த எபிசோடிலிருந்து ஒரே ஒரு வாக்கியம் ஞாபகம் வச்சுக்கணும்னா "எஸ் ஃபேல்ட் நோஹ்" வச்சுக்கோங்க. "இன்னும் இது பாக்கி." முடிந்ததைச் சொல்லும் வார்த்தைகளை உங்க பாடப்புத்தகமே கற்றுக்கொடுக்கும். பாக்கியைச் சொல்ல நாமாகத்தான் பழகணும். அதைவிடக் கஷ்டமான ஒன்றும் இருக்கு: "டாஸ் ஷாஃபெ இஷ் நிஷ்ட் பிஸ் ஃப்ரைடாக்", வெள்ளிக்குள் என்னால் முடியாது. இதை வியாழக்கிழமை ராத்திரி சொன்னால் பிரச்சினை. செவ்வாய்க்கிழமையே சொன்னால் வேலையைப் பிரிச்சுக்கவோ, நாளைத் தள்ளவோ நேரம் இருக்கும்.

இந்த வாரப் பயிற்சி

இன்னைக்கு ராத்திரி உங்க வீட்டில் இருக்கிற ஐந்து வேலைகளை எடுத்துக்கோங்க. துணி துவைப்பது, பாத்திரம், ரீசார்ஜ், அசைன்மென்ட், அம்மாவுக்குப் பண்ண வேண்டிய ஃபோன், எதுவானாலும் சரி. ஒவ்வொன்றுக்கும் "ஷோன் ஃபெர்டிக்?" என்று நீங்களே கேட்டு, உண்மையான பதிலை வாய்விட்டுச் சொல்லுங்க. ஆரம்பிக்கலைன்னா "நோஹ் நிஷ்ட்". செய்துகொண்டிருந்தால் "இஷ் பின் ட்ரான்". கொஞ்சம் பாக்கின்னா "ஃபாஸ்ட் ஃபெர்டிக், எஸ் ஃபேல்ட் நோஹ்" சொல்லி, என்ன பாக்கி என்பதைத் தமிழிலேயே சேர்த்துக்கோங்க. முழுசா மூடியாச்சுன்னா மட்டும் "எர்லேடிக்ட்".

எல்லாம் முடிந்த பிறகு சொல்ல ஒரு அழகான சொல் இருக்கு, "ஃபையர்ஆபண்ட்". பழைய காலத்தில் பண்டிகைக்கு முந்தின சாயங்காலத்துக்குப் பெயர். இன்னைக்கு அன்றாட வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் நேரத்துக்குப் பெயர். கிளம்பும்போது ஒருத்தருக்கொருத்தர் "ஷோனன் ஃபையர்ஆபண்ட்!" என்று வாழ்த்திக்குவாங்க. வேலை எல்லாம் தீர்ந்திருக்கணும்னு அவசியமில்லை. நாளைக்கு என்ன பாக்கி என்று சொல்லிட்டுக் கிளம்பினால் போதும்.

அடுத்த எபிசோடில் அந்தப் படிவங்கள் பற்றியே பேசுவோம், வீட்டு முகவரியைப் பதிவு செய்யும் நாளில் என்னென்ன கேட்பாங்க என்று. அதுவரைக்கும், ஷோனன் ஃபையர்ஆபண்ட்.